துடைக்காத சங்கிலி

அன்புள்ள சவேதாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? விறகை நீயே பிளக்காதே, தம்பியைக் கூப்பிடு.

இங்கே மலையில் ஒரு சின்னக் கூத்து நடந்தது. செவ்வாய்க்கிழமை என் பனி அள்ளும் வண்டியின் சங்கிலி பாதி வழியில் அறுந்துவிட்டது. பின்னால் வந்த ஆம்புலன்ஸும் மேலே போக வழியில்லாமல் நின்றது. மேலே ஊரில் ஒருத்திக்குப் பிரசவ வலி. இடுப்பளவு பனியில் ஏறிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தேன். மண்வெட்டியால் வழி வெட்டி, சறுக்குவண்டியில் அவளை இறக்கிவந்து ஏற்றினோம். ஆண் குழந்தை. இருவரும் சுகம்.

அவள் கணவன் தோவாதெர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீ மட்டும் வரலேன்னா என்ன ஆயிருக்கும்! புள்ளைக்கு உன் பேருதான். நீயும் அண்ணியும்தான் ஞானத் தாய்தகப்பன். மாட்டேன்னு சொல்லிப் பாரு, பல்லை உடைச்சுருவேன்!" என்றான். பிளம்ஸ் சாராயம் ஊற்றினான். நானும் குடித்தேன்.

சவேதா, அந்தச் சங்கிலியை அறுத்தது நான்தான். ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் ஈரத்தைத் துடைத்து, துருவைத் தேய்த்த பிறகுதான் எண்ணெய் விட வேண்டும். குளிருக்குச் சோம்பல்பட்டு, ஒரு மாதமாக ஈரத்தின் மேலேயே ஊற்றிவந்தேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. அறுந்த கண்ணியைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

வீட்டிலுள்ள பழைய பல் பிரஷ்களை அனுப்பிவை, கண்ணி கண்ணியாகத் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோவாதெர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். கீழே ஹாரன் அடிக்கிறார்கள், முடிக்கிறேன்.

ஞானஸ்நானத்துக்கு ஞானத் தாய்தகப்பன் கொண்டுபோக வேண்டிய மெழுகுவர்த்தியும் வெள்ளைத் துணியும் இப்போதே வாங்கிவிடாதே.

உன்,
கோஸ்டாகே