எங்கள் கதவைத் தாண்டிய பலகை

மார்ச் 3, திங்கள்

பலகை இந்த முறையும் எங்கள் கதவைத் தாண்டிப் போய்விட்டது. நேற்று வரை எதிர்வீட்டுக் கதவில் தொங்கியது, இன்று காலை பார்த்தால் மேல்மாடியில். நடுவில் நாங்கள் என்ன, ஆவியா?

உள்ளங்கை அகல மரப்பலகை, அதில் குப்பை அறைச் சாவி. யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் குப்பை அறையைக் கழுவ வேண்டும், வியாழக்கிழமை லாரிக்குத் தொட்டிகளைத் தெருவுக்குத் தள்ள வேண்டும். எல்லோரும் அதைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். குப்பை அள்ள முறை வரவில்லையே என்று ஏங்குகிற ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

கீழ்வீட்டு அம்மாளிடம் கேட்டேவிட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இந்தக் கட்டடத்துக்கே சட்டாம்பிள்ளை. "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? மொதல்ல இங்கத்து முறையெல்லாம் பழகிக்கோங்க" என்றார், சிரித்துக்கொண்டே. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். எனக்குத் தொட்டி தள்ளத் தெரியாதாம்!

மார்ச் 4, செவ்வாய்

எல்லாம் அந்த ஷூவால் வந்த வினை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இவருடைய பழைய ஷூவைத் துடைத்து, தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்தேன். நல்ல ஷூ. வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதானே வெளியே வைப்போம்? மறுநாள் அதன் புகைப்படம் வாசல் சுவரில்: 'இப்படி வைக்கக் கூடாது.' திருடன் படம் ஒட்டுவார்களே, அப்படி. ஒட்டியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மார்ச் 9, ஞாயிறு

தம்ளர் கை தவறி உடைந்தது. இங்கே பாட்டிலுக்குத்தான் தனித் தொட்டி. உடைந்த தம்ளர் அதில் சேராது, பொதுத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். ஆய்வகப் பழக்கம், சும்மா போட மனம் வராது. அட்டையில் சுற்றி, துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டி, சிவப்பு மையில் பெரிதாகக் 'கண்ணாடி' என்று எழுதினேன்.

"தமிழ்ல எழுதினா இங்க எவன் படிப்பான்?" என்றார் இவர்.

"படிக்கலைன்னா என்ன? கை கிழியாதுல்ல?"

இந்த ஊர் எழுத்தில் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை என்பதும் உண்மைதான். அதை இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

காலையில் லாரிக்காரர் கையில் கண்ணாடி குத்திக் கிழித்துவிட்டது. நம் கட்டடத்துப் பையிலிருந்துதான். கீழ்வீட்டு அம்மாள் நேராக வந்து தட்டியது எங்கள் கதவை. எங்கள் கதவை மட்டும்!

"எங்க வீட்டுது இல்ல. நாங்க கட்டித்தான் போடுவோம்" என்று தெரிந்த அரைகுறைப் பேச்சில் சொன்னேன்.

"பரவாயில்லம்மா. புதுசா வந்தவங்களுக்குத் தெரியாதுதான்."

என்ன பரவாயில்ல? என்ன நெனச்சுட்டு இருக்காங்க? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிக்கிறாராம், செய்யாத தப்புக்கு!

மார்ச் 14, வெள்ளி

இவர், "ஒரு ஸாரி சொல்லிட்டா முடிஞ்சுது. பொழைக்க வந்த எடத்துல வம்பு எதுக்கு?" என்றார்.

இப்போது ஸாரி சொன்னால் அந்தப் பலகை எங்கள் கதவுக்கு இந்த ஜென்மத்தில் வராது. சொல்ல மாட்டேன்.

மார்ச் 19, புதன்

நாளை லாரி. குத்தியது இப்படிக் கட்டின பொட்டலமா என்று லாரிக்காரரிடமே கேட்டுவிடலாம். பொட்டலத்தைக் கையில் காட்டிக் கேட்டால்தான் புரியும். ஆனால் வீட்டில் உடைந்தது ஒன்றுமில்லை. விரிசல் விட்ட கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு.

"ஆனாலும் ஒனக்கு இவ்வளவு ஆகாது" என்றார் இவர். ஆனால் அட்டையைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

மார்ச் 20, வியாழன்

லாரிக்காரர் வலது கையில் கட்டோடு வந்தார். கீழ்வீட்டு அம்மாளும் வழக்கம்போல மேற்பார்வைக்கு நின்றார். நான் பொட்டலத்தை நீட்டினேன். வாயே திறக்கவில்லை, அதற்குள் லாரிக்காரர் சிரித்துவிட்டார்.

"அட, இந்தச் சுருள் எழுத்து உங்களோடதா? இத எங்களால படிக்க முடியாது. ஆனா இதப் பாத்தாலே உள்ள கண்ணாடி, பாத்துத் தூக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம். அன்னிக்கும் ஒண்ணு இருந்துச்சே! என்னக் குத்தினது வேற பை. அதுல கட்டும் இல்ல, எழுத்தும் இல்ல."

நான் கீழ்வீட்டு அம்மாளைப் பார்க்கவில்லை. சரி, பொய் எதற்கு, பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். ஐயோ, இதையும் வாசலில் ஒட்டப் போகிறாரா?

குத்திய பை யாருடையது? எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எழுத மாட்டேன்.

மார்ச் 24, திங்கள்

பலகை எங்கள் கதவில்!! இவரைத் தொடவிடவில்லை.

மார்ச் 27, வியாழன்

விடிந்ததும் போய்க் குப்பை அறையைத் திறந்தேன். நேற்றே தேய்த்துக் கழுவிவிட்டேன், தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

பொதுத் தொட்டியின் மேல் ஓர் அட்டைப் பொட்டலம். நீலக் கட்டம் போட்ட துணிக்கிழிசலால் கட்டியிருந்தது. கீழ்வீட்டுக் கொடியில் தினமும் காயுமே, அந்தக் கைத்துண்டு. மேலே சிவப்பு மையில் ஏதோ வரைந்திருந்தது. சுழிகள் தள்ளாடின, ஒரு கால் அந்தரத்தில் நின்றது. எழுத்து தெரியாமல், போனில் பிடித்த படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்த கை. ஆனாலும் படிக்க முடிந்தது: கண்ணாடி.

அங்கேயே நின்றுவிட்டேன். கண் கலங்கியது. சத்தியமாகக் குப்பை நாற்றத்தால் இல்லை.

லாரிக்காரர் அதைப் பதமாகத் தூக்கி, "உங்களுதுதானே?" என்றார்.

"இல்ல, கீழ்வீட்டு அம்மாவோடது" என்றேன். தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னேன்.