இடக்கையில் வாங்கிய மனு

எம்மன்புரூக்கே, சுவிஸ்,
14.11.2025

அன்புத் தங்கச்சி ஜெயகௌரிக்கு,

அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜா எழுதுவது. சுகம் கேட்டுத் தொடங்கவேண்டும். போன மாதம் கிணற்றடியில் விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டவளிடம் சுகமா என்று கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன் மகள் தக்ஷிகா ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுத்து அழுகிறாள். வவுனியாவில் தன் வீட்டில் உனக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாளாம், அம்மா வரமாட்டன் என்கிறாவாம். ஒழுகுகிற அந்த வீட்டை விட்டு நீ ஏன் அசையமாட்டாய் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனுவில் எழுதின விலாசம் அது. பதில் வந்தால் அங்கேதான் வரும் என்று இருக்கிறாய்.

அந்த மனுவைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துக் கதைப்பது என் பழக்கம் இல்லை. இந்த முறை மட்டும் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது.

உன் முன்னறையில் தொங்கும் படம் என் மரக்கறிக் கடையிலும் தொங்குகிறது. சண்டை முடிந்த அடுத்த வருஷம் லண்டனிலிருந்து வந்த குழுவில் இருந்த ஆல்டன்மியர் பிரபுவிடம் நீ மனுக் கொடுக்கும் படம். உன் மகன் கிஷோபனின் பெயர், வயது, ஆமிக்காரர் அவனை எந்தச் சந்தியில் வைத்து பஸ்ஸில் ஏற்றினார்கள் என்பது எல்லாம் அதில் இருந்தது. போகமாட்டேன் என்று நின்ற உன்னைப் போனில் பிடித்துத் தள்ளியவன் நான். நல்ல சேலை கட்டு, அழாதே, இரண்டு கையாலும் கொடு என்றேன். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அனுப்பியதும் நான்தான்.

கௌரி, அந்த மனிதரை நான் கண்டேன்.

இன்டர்லாக்கனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு இந்த வருஷத்திலிருந்து மரக்கறி போடுகிறேன். ஓகஸ்டில் ஒருநாள் பெட்டிகளை இறக்கிவிட்டு நிற்கிறேன், சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு நெட்டைக் கிழவர் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிறார். அங்கே தாதியாக வேலை செய்யும் எங்கள் குணசேகரத்தின் மகள் கோபிஷா, பயப்பிடாதேங்கோ மாமா, அவர் ராசா வீட்டில வேலை பாத்தவர், ராசாவுக்கு முதுகு காட்டக்கூடாதாம், பழக்கம் விடேல்லை என்றாள். சமையலறைப் பெடியள் அவருக்கு ரிவேர்ஸ் துரை என்று பேர் வைத்திருக்கிறார்கள். நானும் சிரித்தேன். அவர் திரும்பினார். பதினைந்து வருஷமாகக் காலையில் கடை திறந்ததும் நான் பார்க்கிற முகம். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் அந்தத் தழும்பு.

அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவசரப்பட்டால் ஆள் கதவைச் சாத்திவிடும் என்று தொழிலில் படித்திருக்கிறேன். ஒவ்வொரு வியாழனும் இறக்கி முடித்ததும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கோபிஷா ஓய்வு நேரத்தில் வந்து அவர் சொல்வதைத் தமிழில் சொன்னாள். எண்பத்தெட்டு வயது, புத்தி தெளிவு. பெரிய வீட்டை விற்றபின் பிள்ளைகள் மலைக்காற்று நல்லது என்று கொண்டுவந்து விட்டார்களாம். பிறகு வரவில்லையாம்.

அறுபது அறை வீட்டில் பிறந்து, தாயைப் பின்னேரம் ஐந்து மணிக்கு அரை மணித்தியாலம் மட்டும் பார்க்க விடப்பட்ட பிள்ளை. எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்கூடம். இருபத்தாறில் தகப்பன் செத்ததும் பட்டமும் பாராளுமன்றக் கதிரையும் தானாக வந்தன. வோட்டுக் கேட்டு ஒரு படி ஏறியதில்லை. ஒரு பெட்டி தக்காளியோடு தொடங்கிய எனக்கு இது விளங்க நேரம் எடுத்தது. மூன்று அரசாங்கத்தில் மந்திரி. என்ன சட்டம் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சிலதை வராமல் பார்த்துக்கொண்டேன் என்றார். பிறகு அரண்மனையில் இருபத்திரண்டு வருஷம். ஒரு அடி பின்னால் நிற்பது, எதிரே வருகிறவரின் பெயரை அரச குடும்பத்தவரின் காதில் சொல்வது, பின்பக்கமாக நடந்து வெளியேறுவது. கம்பளத்தில் கால் தடுக்காமல் நடக்கக் கண்ணாடி முன் மூன்று மாதம் பழகினாராம். அட்லிஸ்வில் கோயிலில் நாங்கள் முருகனுக்கு முதுகு காட்டாமல் நாலு அடி வருகிறோம். இவர் சீவியம் முழுக்க அப்படியே வந்திருக்கிறார்.

ஆறாவது வியாழன் போனிலிருந்த உன் படத்தைக் காட்டினேன். முகங்களை அவர் பார்க்கவே இல்லை. விரலால் பெரிதாக்கித் தன் கையைத்தான் பார்த்தார். நிறைய நேரம்.

உனக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். நீ இரண்டு கையாலும் நீட்டினாய், அவர் இடக்கையால் வாங்கினார். வரிசையில் உனக்குப் பின்னால் நின்ற தில்லைநாயகி அக்கா, இடக்கையால வாங்கிறான், இது விடியாது பிள்ளை என்றா. நீ அவவோடு சண்டைக்குப் போனாய், வெள்ளைக்காரருக்கு இடக்கை வலக்கை எல்லாம் ஒண்டுதான் அக்கா என்று. போனில் நானும் உன் பக்கம்தான் நின்றேன்.

இரண்டு கையும் ஒன்றில்லையாம். அரண்மனையில் அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்ததாம். கூட்டத்தில் சனம் காகிதம் நீட்டும். வாங்காமல் விடக்கூடாது. வலக்கையால் வாங்கினால் பின்னால் நிற்கும் செயலாளர் அதைத் தனியாக எடுத்து வைப்பார். இடக்கையால் வாங்கினால் அது வாசிக்கத் தேவையில்லாதது. எங்கள் ஊருக்கு வந்தபோதும் அதே செயலாளர்தான் கூட வந்தாராம். இருநூறு பேர் நின்றார்கள், ஒருவரிடம் வலக்கையால் வாங்கினால் எல்லாரிடமும் வாங்கவேண்டும் என்று அமைதியாகச் சொன்னார். உன் மனுவை ஒருவரும் பிரிக்கவில்லை கௌரி. ஊரை விட்டுப் போனதோ என்பதே அவருக்குத் தெரியாது.

அடிக்கவேண்டும் போல இருந்தது. கை எழவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களின் காகிதத்தை மேசையின் எந்தப் பக்கம் வைத்தால் என்ன அர்த்தம் என்று என் கடைச் சரணியாவுக்கும் தெரியும். அவர்களும் எங்கோ இருந்து காத்திருப்பார்கள்.

கடைசியில் அவர் வலக்கையை நீட்டி, பெயரைத் திரும்ப எழுதித் தாருங்கள் என்றார். மூடின கடையில் எந்த வியாபாரியும் ஓடர் கொடுக்கமாட்டான். நான் கொடுத்தேன். பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பெயரைப் பிழையாகச் சொல்வது தன் தொழிலில் பெரிய குற்றம் என்றாராம். கோபிஷாவைச் சொல்லவைத்துக் கேட்டு, கிஷோபன், கிஷோபன் என்று பழகினாராம். ஒன்பதாம் நாள் செத்துப்போனார். உடுப்புகளைப் பையில் கட்டும்போது அந்தப் பில் கோட்டின் உட்பையில் மடித்தபடி இருந்ததாம். கோபிஷா என்னிடம் திருப்பித் தந்தாள்.

நீ தினமும் தபால்காரரை மறித்து, தம்பி லண்டனிலயிருந்து ஏதும் வந்ததோ என்று கேட்பதைத் தக்ஷிகா சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இதைப் போனில் சொல்லவில்லை. மனுவில் இருந்த அதே விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வலக்கை சுகமாகத்தானே இருக்கிறது, கையெழுத்து வைத்து வாங்கு. அங்கே வரவேண்டியிருந்த பதில் இதுதான். இதற்குமேல் ஒன்றும் வராது.

கிஷோபனுக்காகக் காத்திருக்காதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. வவுனியாவில் இருந்து காத்திரு. மழை ஒழுகாத இடத்தில், ஒருத்தி சோறு போட்டுத் தரும் இடத்தில் இருந்து காத்திரு.

வெளிக்கிடும்போது தக்ஷிகாவின் விலாசத்தைக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போ. பெரிய எழுத்தில், மழையில் கரையாத மையால் எழுது. பிள்ளை வந்தால் வாசிப்பான்.

முருகன் உன்னோடு வரட்டும்.

உன்னை அந்த வரிசையில் நிற்கச் சொன்ன அண்ணன்,
ஸ்ரீஸ்கந்தராஜா