மெத்தென்று வந்த துணி

கோபம் இன்னும் ஆறாத அன்புடன் என் அண்ணாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. உங்களோடு சண்டை போட முடியாமல் எனக்குத் தலை வெடிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் லித்தியம்-சல்ஃபர் பேட்டரியின் தொல்லை உங்களுக்குத் தெரியும். சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் கந்தகம் கொஞ்சம் கரைந்து எதிர்ப்பக்கம் ஓடும். சீக்கிரமே பேட்டரி செத்துப்போகும். அதைத் தடுக்க நடுவில் பருத்தித்துணி வைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ராயபுரத்தில் உங்கள் பனியன் கம்பெனி நிட்டிங் மெஷினிலிருந்து நானே வெட்டிப்போன முதல் துண்டு அருமையாக உழைத்தது. அப்புறம் நீங்கள் அனுப்பிய எதுவும் உழைக்கவில்லை.

"துணி சரியில்லீங்ண்ணா" என்பேன்.

"உடு அம்மிணி, இன்னும் நல்லதா அனுப்பறேன்" என்பீர்கள். அது இன்னும் மோசமாகப் போகும். முதல் முடிவைத் திரும்பக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடலாம் என்று புரொஃபசர் சொல்லிவிட்டார்.

போன வாரம் உங்கள் துணி போகும் சாயப்பட்டறைக்கே போய் நின்றேன். அங்கே மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "அண்ணன் தனியாச் சொல்லுவாருங்க. தங்கச்சி பேட்டரிக்குப் போறது, மெத்துன்னு இருக்கோணும், சாஃப்ட்னர் சேத்துப் போடுன்னு. நீங்க கொறை சொல்லச் சொல்ல, இன்னுங் கொஞ்சம் போடச் சொன்னாருங்க."

எனக்கு வந்த ஆத்திரம்! அது என்ன, ஏற்றுமதிக்குப் போகும் குழந்தைச் சட்டையா? துணியைக் கரியாக்கும்போது அந்த சாஃப்ட்னரில் இருக்கும் சிலிகான் நுண்துளைகளையெல்லாம் அடைத்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றே உங்கள் மெஷினில் இறங்கிய துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பாமல் நேராக வாங்கி, வெறும் சலவைச் சோடாவில் அலசி, கரியாக்கி, புது செல் கட்டினேன். டெஸ்டரில் ஓடுகிறது. இதுவரை தளரவில்லை. புரொஃபசர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"கரியாக்கறதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம் அண்ணா. அதை நான் சொல்லவே இல்லை. நீங்கள் இஸ்திரி போட்டு மடித்து அனுப்பியதை அடுப்பில் போடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? மனசு நொந்துவிடுமே என்று மறைத்தேன். சொல்லியிருந்தால், "எரிக்கற துணிக்கு எதுக்கம்மிணி சாஃப்ட்னர்?" என்று அன்றைக்கே கேட்டிருப்பீர்கள். ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். உங்களைத் திட்டாமலாவது இருந்திருப்பேன்.

இனி யார் எதைத் தந்தாலும், அதை என்ன செய்யப்போகிறேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

நீங்கள் அனுப்பிய அத்தனையையும் எரித்த,
உங்கள் தங்கச்சி