வாழைக் குழியும் சாளைக் கருவாடும்

இன்று காலை மருமகள் மூடி போட்ட பச்சை வாளி ஒன்றை வாங்கி வந்து, "காய்கறித் தோலை இனி இதிலதான் போடணும் அத்தை, உரமாயிடும்" என்று விளக்கினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எழுபதுகளில், தூத்துக்குடிக்கு வெளியே துறைமுக ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் நாம் அடுத்தடுத்துக் குடிவந்தோம். கொல்லையில் வெறும் உப்பு மணல். முருங்கைக் கம்புகூடக் கருகியது. நான் விட்டுவிட்டேன். நீயோ இடுப்பளவு குழி வெட்டி, தோலும் சாம்பலும் சருகும் போட்டு, சுற்றிலும் நாலு வாழைக்கன்று வைத்தாய். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அங்கே போக வாய்க்கால் வேறு. "மண்ணு இல்லன்னா மண்ணை நாமளே செய்யணும்ளா" என்றாய்.

கன்றுகள் குருத்துவிட்ட நேரம், தெருவில் நாற்றம் கிளம்பியது. எல்லாரும் உன் குழியைக் கைகாட்டினார்கள். மூடச் சொல்லித் துறைமுக அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. எனக்குத் தெரியும், நாற்றம் என் மொட்டைமாடியிலிருந்து. மலிவாகக் கிடைத்த ஒரு கூடைச் சாளையைக் கருவாட்டுக்குப் போட்டிருந்தேன். வானம் மூடாக்குப் போட்டதில் வீச்சமெடுத்துவிட்டது. மாடியில் மீன் காயப்போடக் கூடாதென்பது அங்கே சட்டம். பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். நீ மண்வெட்டியோடு நின்று கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்திவிட்டேன்: "சார், அது எங்க வீட்டுச் சாளை சார்!"

அவர் மாடியை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "குழி இருக்கட்டும். மீனைக் கீழ இறக்குங்க" என்று போய்விட்டார்.

"மன்னிச்சிருளா" என்று அழுதேன்.

"எனக்கு மொத நாளே தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"உங்க வீட்ல ஆறு பேரு சாப்பிடணும். மழைக்கு முந்திக் காயட்டும்னு இருந்தேன். கன்னு போனா வேற வச்சுக்கிடலாம்லா."

அந்த வாரமே சுவரில் ஓட்டை போட்டு என் வீட்டுத் தண்ணீரையும் உன் குழிக்கு விட்டோம். முதல் தார் பழுத்தபோது, கைகாட்டியவர்களெல்லாம் ஆளுக்கொரு சீப்பு வாங்கிப் போனார்கள். அடுத்த மழைக்குள் தெருவில் நாலு குழி!

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. குழி வெட்ட மட்டும்தான் உன்னிடம் கற்றுக்கொண்டேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வாரம் மகன் அடுப்பில் வைத்து மறந்த பால் பொங்கி வழிந்து கிடந்தது. மருமகள் அவனைத் திட்ட வாயெடுத்தாள்.

"அது நாந்தாம்மா" என்றேன், அவள் முதல் வார்த்தை சொல்லுமுன்.