வாழைத்தண்டு போடாத தொட்டி

அஸ்தினாபுரம்
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு மகன் ஸ்டெபினுக்கு அப்பா தனசிங் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் சுகம், என் முழங்கால் மட்டும் கிருபைக்கு அடங்க மாட்டேன் என்கிறது என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அதுவும் ஒரு பொய், அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மருமகள் ஜென்சியும் டெபோரா பாப்பாவும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தினமும் கேட்டுக்கொள்கிறோம். என்னடா இது, போனில் பேசாமல் இந்த ஆள் கடுதாசி எழுதுகிறாரே, டப்ளின் வரைக்கும் ஸ்டாம்பு ஒட்டுகிறாரே என்று நினைப்பாய். போனில் என்னால் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது தம்பி, நான் ஒன்று ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் கேலியாகிவிடும், நீயும் சிரிப்பாய், அதோடு போய்விடும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடாத விஷயம். ஐந்தாங்கிளாஸ் தமிழ், அதிலும் அரைப் பரீட்சைதான் எழுதினேன், பிழை இருந்தால் ஜென்சியிடம் காட்டிச் சிரிக்காமல் நீயே திருத்திப் படித்துக்கொள்.

பின்பக்கத்து மீன் தொட்டி விஷயம்தான். துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு எட்டுக்கு ஐந்து, மூன்றடி ஆழம் நானே கடப்பாரை பிடித்துத் தோண்டியது உனக்குத் தெரியும், தினமும் போனில் காட்டினேன். செங்கல் கட்டு, இரண்டு பூச்சு, மேலே சிமெண்டுப் பால், ஒரு சொட்டு ஒழுகவில்லை. முப்பது வருஷம் ஊரான் வீட்டுக்குக் கட்டிய கை முதல் தடவையாக நம் வீட்டுக்குக் கட்டுகிறது என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன், அவள், முப்பது வருஷமாய் நான் கேட்ட சமையல் மேடை எங்கே என்றாள். கட்டி முடித்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு சத்யநாராயணன் சார் மதில் மேல் தலையை நீட்டி, தனசிங், நம்ம வாழை குலை தள்ளி முடிஞ்சுது, மரத்தை வெட்டப்போறேன், தொட்டிக்குத் தண்டு வேணுமா என்று கேட்டார். புதுத் தொட்டியில் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டுச் சாணியும் கரைத்து மூன்று வாரம் ஊறவிட்டு, நடுவில் இரண்டு தரம் தண்ணீரை இறைத்து மாற்றினால்தான் சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்புக் காரம் இறங்கும், அதற்கு முன்னால் விட்ட மீன் எதுவும் பிழைக்காது. இதை சாருக்குச் சொன்னதே நான்தான். பம்மலிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எத்தனை வீட்டுக்குத் தொட்டி கட்டியிருப்பேன், அத்தனை பேரையும் உட்காரவைத்து இதைச் சொல்லாமல் கூலி வாங்கினதில்லை. அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா, சார், கொத்தனாருக்கே சிமெண்டு சொல்லித்தர்றீங்களா, என் சிமெண்டு என் பேச்சைக் கேக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பாப்பா பிறந்தநாள் போன மாசம் பதினாறாம் தேதி, சனிக்கிழமை. வீடியோவில் அவளுக்கு மீன் ஓடுகிறதைக் காட்டவேண்டும் என்று எனக்கு அவசரம், வேறு ஒன்றும் இல்லை. நாலு நாள் வெறும் தண்ணீர் நிறுத்தினேன், இறைத்தேன், நிரப்பினேன், குரோம்பேட்டையில் மீன் கடை வைத்திருக்கிற ஜெயவேலுவிடம் சிவப்புக் கெண்டைக் குஞ்சு பதினெட்டு வாங்கி விட்டேன். பாப்பா பார்த்துக் கை தட்டினாளே, தாத்தா இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று, நான் போனோடு தொட்டியில் விழப் பார்த்தேனே. திங்கட்கிழமை காலையில் பதினெட்டும் மல்லாந்து கிடந்தது.

அதற்கு முதல் நாள்தான் சார் பின்பக்கச் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார், மதில் மேலேயும் வெள்ளையாய்க் கொஞ்சம் சிந்தியிருந்தது. தொட்டி தோண்டின நாளிலிருந்தே கொசு வரும் தனசிங், டெங்கு வரும் தனசிங் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. வரவில்லை என்பதும் முழு நிஜமில்லை தம்பி, ஒரு நிமிஷம் வந்தது. வாழைத்தண்டு என்று மனதில் ஒரு பேச்சு வந்தது, நான் அதை உள்ளே உட்காரச் சொல்லவில்லை. உனக்குப் போன் போட்டுச் செத்த மீனைக் காட்டி, மருந்து கலந்துட்டாருடா பெரிய மனுஷன் என்றேன். பாப்பா அழுதது காதில் விழுந்ததும் உனக்குக் கோபம் வந்தது, எந்த அப்பனுக்கும் வரும். நீ சாருக்குப் போன் போட்டுப் பேசினாய். சுத்த சைவம்னு சொல்லிக்கிட்டு வாயில்லா ஜீவனை விஷம் வச்சுக் கொல்றீங்களே, அது என்ன சைவம் என்று கேட்டதாக நீயே எனக்குச் சொன்னாய். நான் என்ன செய்தேன், சபாஷ்டா மவனே என்றேன். அதோடு விட்டேனா, டீக்கடையில் நாலு பேர் நடுவில் அந்தப் பேச்சைச் சொல்லி, அதைக் கேட்ட சார் மாதிரியே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடித்துக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் தட்டில் சோறு இருக்கும்போதே கையைக் கழுவத் தோன்றுகிறது.

இந்த மாசம் நாலாம் தேதி ஜெயவேலு மறுபடி குஞ்சு கொண்டுவந்தான். தொட்டியில் விடுவதற்கு முன்னால் கையை விட்டுப் பார்த்தவன் அப்படியே நின்றான். இன்னா மேஸ்திரி, சோப்புத் தண்ணி மாதிரி வழவழன்னு கீது என்றான். இரண்டு பக்கெட் கேட்டான். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு குஞ்சு. போர் தண்ணீரில் விட்டது சுற்றிச் சுற்றி ஓடுகிறது, தொட்டித் தண்ணீரில் விட்டது கொஞ்ச நேரத்தில் மேலே வந்து வாயைப் பிளந்தது. ஜெயவேலு அதை எடுத்து இந்தப் பக்கம் மாற்றிவிட்டு என்னைப் பார்த்தான். எங்க வூட்டுத் தொட்டி கட்டசொல்லோ மூணு வாரத்துக்கு முன்னாடி மீன் வுட்டா காலை ஒடிப்பேன்னு என்னை மெரட்டுன, உன்து மட்டும் இன்னா தனி சிமிட்டியா என்றான். யாரிடமும் சொல்லாதே ஜெயவேலு என்றுதான் என் வாயிலிருந்து வந்தது. சாரிடம் போய்ச் சொல்கிறேன் என்று வரவில்லை பார்.

அப்புறம் எட்டு நாள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள், நான் பொய்யோடு அப்பத்துக்குக் கை நீட்ட மனமில்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா ஏன் வரவில்லை என்றாள், முழங்கால் என்றேன். அதுதான் அந்த முழங்கால். முப்பத்தொரு வருஷம் என்னோடு குப்பை கொட்டினவளுக்கு அது முழங்கால் இல்லை என்று தெரியாதா, வெள்ளிக்கிழமை துருவித் துருவிக் கேட்டதும் கொட்டிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. தொட்டி கட்டினதுக்குப் பதிலா உங்க வாய்க்கு ஒரு மூடி கட்டியிருக்கலாம், இப்பவே போங்க என்றாள்.

போனேன். நாலு வாரமாகச் சார் வீட்டுப் பின்ஜன்னல் திறக்கவில்லை. தினமும் படித்து முடித்த பேப்பரை பத்து மணிக்கு மதில் மேல் மடித்து வைப்பாரே, நான் படம் பார்த்துத் தலைப்பு மட்டும் படித்துவிட்டு அவரிடமே சேதி கேட்பேனே, அந்தப் பேப்பரும் நீ பேசின நாளோடு நின்றுவிட்டது. வாசலில் நின்று, சார், மீனைக் கொன்னது நான்தான், தண்டு போடாம விட்டேன், நீங்க குடுத்தும் வாங்கல என்றேன். அவர் கதவைப் பிடித்தபடியே, நீ வந்து சொல்லிட்ட, சரி தனசிங், ஆனா என்னைக் கேட்டது நீ இல்லையே, ஸ்டெபின்தானே கேட்டான் என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். எனக்கு அங்கேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. உன் காலேஜ் அப்ளிகேஷன், உன் பாஸ்போர்ட் பாரம், அப்பா பெயர் அப்பா தொழில் என்று எல்லாம் அவர் கையெழுத்தில்தானே இருக்கிறது, நான் கீழே கோணலாய் ஒரு தனசிங் போட்டதைத் தவிர. கொத்தனார் என்று எழுதவேண்டிய இடத்தில் கட்டடக் கலைஞர்னு போடட்டுமா தனசிங் என்று கேட்டு என்னைக் கேலி பண்ணினாரே, ஞாபகம் இருக்கிறதா. அந்த மனுஷன் எழுதிக் கொடுத்த காகிதத்தில் பறந்து போன பிள்ளையின் வாயால்தான் நான் அவரைக் கொலைகாரன் ஆக்கியிருக்கிறேன். நீ பேசின பேச்சு உன்னுடையதில்லை ஸ்டெபின், நான் உன் வாயில் வைத்தது. ஆனாலும் அதை நான் திருப்பி எடுக்க முடியாதாம், நீதான் எடுக்கவேண்டுமாம்.

நேற்றுக் காலையில் பின்பக்கம் போனால் மதில் மேல் வாழைத்தண்டு, இரண்டு முழ நீளத்தில் நாலு துண்டு, சார் வீட்டு இன்னொரு வாழையில் அப்போதுதான் வெட்டியது, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சார் தலை தெரியவில்லை. தண்டு வந்துவிட்டது, பேப்பர் வரவில்லை. நறுக்கிப் போட்டுச் சாணியும் கரைத்துவிட்டேன், தொட்டி இப்போது பார்க்கச் சகிக்கவில்லை, பாப்பாவுக்குக் காட்டாதே.

மூன்று வாரம் ஊறவேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும் என்றார்கள் தபால் ஆபீசில். படித்ததும் சாருக்குப் போன் போடு. அவருக்கு எதுவும் நீட்டி முழக்காதே, எங்க அப்பா பொய் சொன்னார் சார், நான் நம்பிட்டேன் என்று அப்படியே சொல், அப்பாவுக்கு அவமானமாச்சே என்று பார்க்காதே, அது எனக்கு வரவேண்டிய கூலி. பாப்பா கேட்டால் அவளுக்கும் மீன் செத்தது தாத்தாவால் என்று சொல்லிவிடு, அந்தப் பக்கத்து வீட்டுத் தாத்தா கெட்டவர் என்று அவள் மனதில் இருக்கக்கூடாது. நீ பேசினாயா இல்லையா என்று நான் போனில் கேட்க மாட்டேன், நீயும் எனக்குச் சொல்லவேண்டாம். மூன்று வாரம் முடிந்தாலும் மதில் மேல் பேப்பர் வராமல் நான் தொட்டியில் ஒரு மீன்கூட விடப்போவதில்லை.

ஜென்சியை இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடச் சொல். பாப்பாவுக்குக் காதை மூடித் தொப்பி போடு. மூன்று பேரையும் ஆண்டவர் தம் செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக. காலை பத்து மணிக்கு மதில் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சே. தனசிங், கொத்தனார்
(அம்மா தபீதாளும் முத்தம் சொல்லச் சொன்னாள், உனக்கும் பாப்பாவுக்கும் மட்டும்தான், எனக்கு இன்னும் பேச்சே கிடையாது)