நரம்புக்குள் ஒளிந்திருந்த அம்மை

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரைய ஒழுங்கா போடறாரா?

பதறாதே. எனக்கு இடுப்புல அக்கி வந்திருக்கு. கிருமி உடம்புக் காவலை எப்படி ஏமாத்துதுனு ஆய்வுக்கூடத்துல கையுறை மாட்டித் தேடற எனக்கே! சின்ன வயசுல அம்மை போட்டப்போ பக்கத்துலயே உட்கார்ந்து விசிறினியே, அதே கிருமிதான். அப்பவே நரம்புக்குள்ள புகுந்து, அடையாளம் எதையும் வெளியே காட்டாம படுத்திருக்கு. காவல் அணுக்கள் பக்கத்துல போயும் கண்டுபிடிக்கல. நான் சாப்பிடாம, தூங்காம அலைஞ்சதுல காவல் அசந்துடுச்சு, இது தலைதூக்கிடுச்சு.

உட்காரவும் முடியல, நிக்கவும் முடியல. துணி பட்டாலே எரியுது. நீ உடுத்திக் களைஞ்ச நூல் புடவை ஒண்ணு துவைக்காம அனுப்பு. கிருமி ஆராய்ச்சி பண்றவ பேசற பேச்சானு அப்பா கேலி பண்ணுவார், பண்ணட்டும்.

பஸ் ஸ்டாப்புல நின்னுட்டேதான் இதை எழுதறேன், பஸ் வந்துடுச்சு. துவைச்சிடாதேம்மா.

உன் மகள்