பதினோராவது மாடி

மார்ச் 2

என் மகளுக்கு அப்பா எழுதுவது,

இன்று ஒரு அம்மாளை லிஃப்டை விட்டே ஓட வைத்துவிட்டேன். நீ உருவாக்கிய மொழியின் பதினேழு வேற்றுமை உருபுகளை மாடிக்கு ஒன்றாக மனப்பாடம் செய்கிறேன் அல்லவா? பழுதுபார்த்த லிஃப்டை ஓட்டிப் பார்க்கும்போது, முதல் மாடி ‘தெல்’, உள்ளே. இரண்டாம் மாடி ‘நோம்’, மேலே என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஆறாவதில் ஏறியவர் ஏழாவதிலேயே இறங்கி, கீழே மேனேஜரிடம் போய், “உங்க மெக்கானிக் மந்திரம் போடுறாரே, லிஃப்ட் அவ்வளவு மோசமா?” என்று கேட்டிருக்கிறார்.

பள்ளியில் எட்டு வேற்றுமைக்கே பெஞ்சு மேல் நின்றவன் நான். கொஞ்சம் குறைத்து வைத்திருக்கக் கூடாதா? பதினோராவது மட்டும் தங்கமாட்டேன் என்கிறது. அது எதற்கு என்று மறுபடி எழுது.

உன் அப்பா

மார்ச் 6

அப்பா,

திரையைப் பார்த்தால் தலை வலிக்கிறது, அதனால் காகிதம்தான். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆபரேஷன் பதினான்காம் தேதி. கட்டி மூளையில் பேச்சுக்கான இடத்தை ஒட்டியே இருக்கிறதாம். விழித்தபின் பேச்சு எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. தமிழ் போய், நான் சின்ன வயதிலிருந்து கட்டிய மொழி மட்டும் மிஞ்சினால் என்ன செய்வது என்று அன்று விளையாட்டாகத்தான் கேட்டேன். நீங்கள் சிரிக்கவே இல்லை. “அப்போ பதில் சொல்ல ஒரு ஆளாவது வேணுமே” என்று என் உருபு அட்டவணையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள்.

பதினொன்று ‘நேஷ்’. எதை இழந்துவிடுவோமோ என்று நடுங்குகிறோமோ, அதன் பெயரோடு சேரும். நீங்கள் லிஃப்ட் குழிக்குள் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை தகவலே வராத அன்று உருவாக்கினேன். முதன்முதலில் ‘அப்பா’வோடுதான் சேர்த்தேன். கிரீஸ் கையோடு வந்து நோட்டைப் பார்த்து, “என்னடி இது, மளிகைச் சீட்டா?” என்றீர்களே, அந்தப் பக்கம்தான்.

உங்கள் மகள்

மார்ச் 14

மகளே,

உன்னை உள்ளே கொண்டுபோய் நான்கு மணி நேரம் ஆகிறது. சர்வீஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடியில் முனகுகிறது, கை துறுதுறுக்கிறது. மொத்தமே ஆறு மாடி. உன் மொழியில் பாதிக்குக்கூட இடமில்லை.

தமிழ் மிஞ்சியிருந்தால் இதை நீயே படி. இல்லையென்றால் உன் மொழியில், திக்கித் திக்கி, நான் சொல்கிறேன்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது, “பதினொண்ணு வந்துச்சாப்பா?” என்று கேட்டாய். “இன்னும் வரலம்மா, நீ வந்து சொல்லிக்குடு” என்றேன். பொய். முதல் நாளே மனதில் ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். மற்ற பதினாறையும் சத்தமாகச் சொல்வேன். பதினோராவது மாடி வந்ததும் உன் பெயர் ‘நேஷ்’க்கு முன்னால் வந்து நிற்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு பன்னிரண்டுக்குப் போய்விடுவேன்.

அப்பா